கம்பியில்லாக் கருவியும் அதன் மின்கலமும்



தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பலர், பால்மரம் சீவும் உளியையும் செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளையும் விட்டு வேறு கருவிகளைக் கையில் எடுத்துவிட்டார்கள். கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கட்டடம் எழும் இடமெல்லாம் அவர்களைப் பார்க்கிறோம். ஒருவர் இரும்புக் கதவு பொருத்துகிறார். ஒருவர் மின்கம்பி இழுக்கிறார். இன்னொருவர் ஏணிமேல் நின்று கூரைப் பலகைக்குத் திருகாணி முடுக்குகிறார். அவர்கள் கையில் இருக்கும் துளைக் கருவிக்கு வால்போல் நீளும் கம்பி கிடையாது. அதன் கைப்பிடியின் அடியில் ஒரு பேட்டரி செருகியிருக்கிறது. அதுதான் அந்தக் கருவியின் உயிர்.

கருவி வாங்கும்போது நாம் மோட்டாரைப் பார்க்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம், பெயரைப் பார்க்கிறோம். பேட்டரியைப் பார்ப்பவர் குறைவு. ஆனால் கருவி பல ஆண்டு உழைக்கும். முதலில் ஓய்ந்துபோவது பேட்டரிதான். புதிய பேட்டரியின் விலையைக் கேட்டால், கருவியையே இன்னொன்று வாங்கிவிடலாமோ என்று தோன்றும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தொழில் தொடங்கும் குடும்பத்துக்கு இது சிறிய செலவன்று.

அதைக் காப்பாற்றும் வழி என்ன என்று கேட்டால், ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். "முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்" என்கிறார் ஒருவர். "தீரவே விடக்கூடாது" என்கிறார் மற்றொருவர். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் சொல்வது வெவ்வேறு காலத்துப் பேட்டரிகளைப் பற்றி. பேட்டரியின் குலம் மாறிவிட்டது; அறிவுரை மட்டும் பழைய குலத்துக்கு உரியதாகவே நின்றுவிட்டது. ஆகவே, இந்தப் பேட்டரிகளின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால், அவற்றைப் பேணும் முறையும் தானே விளங்கும்.

முதலில் கம்பியின் கதையைப் பார்ப்போம். நம் நாட்டில் மின்சாரம் முதன்முதலாக வந்தது அரண்மனைக்கும் அன்று, அரசு அலுவலகத்துக்கும் அன்று. 1894ஆம் ஆண்டில் சிலாங்கூரின் ரவாங்கில், ஓர் ஈயச் சுரங்க வேலைக்காக மின்னாக்கி ஒன்று நிறுவப்பட்டது. அதை நிறுவியவர்கள் இருவர். ஒருவர் லோக் இயூ என்ற சீனத் தொழிலதிபர். மற்றவர், பத்துமலைக் கோயிலோடு நாம் நினைவுகூரும் தம்புசாமிப் பிள்ளை. தீபகற்பத்தில் மின்சாரம் பயன்பட்ட முதல் நிகழ்ச்சியாகப் பதிவானது அதுவே. அடுத்த ஆண்டில், 1895இல், கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு மின்சாரம் வந்தது.

அந்தக் காலத்து மின்கம்பிக்கும் நம் மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. கடலடித் தந்திக் கம்பிகளின் மேல் உறையாகச் சுற்றியது, மலாயாக் காடுகளில் கிடைத்த கெத்தா பெர்ச்சா என்ற மரப்பாலே. அந்த மலாய்ச் சொல்லின் முதற்பாதிதான், பின்னாளில் நம் மக்கள் வாயில் 'கித்தா' ஆகி, ரப்பருக்கே பெயராகிவிட்டது.

1949 செப்டம்பர் முதல் தேதி மத்திய மின்சார வாரியம் தொடங்கியது. 1965இல் அது தேசிய மின்சார வாரியமாயிற்று. 1990இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. நகரங்களில் கம்பி பரவிய வேகத்தில் தோட்டங்களுக்குள் அது பரவவில்லை. பல தோட்டங்களில், தோட்டத்துச் சொந்த மின்னாக்கி மாலையில் சில மணி நேரமே ஓடும். குறித்த நேரம் ஆனதும் லயம் முழுவதும் இருண்டுவிடும். அப்போது வானொலியைப் பேச வைத்தது பேட்டரிதான். சில வீடுகளில் கார் பேட்டரியைக் கொண்டு தொலைக்காட்சிப் பெட்டியையும் ஓட்டினார்கள். ஆகவே, கம்பியில்லா மின்சாரம் என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தியன்று.

இனி பேட்டரியின் கதைக்கு வருவோம். இத்தாலி நாட்டு அறிஞர் வோல்ட்டா 1800ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தார். வோல்ட் என்னும் அளவு அவர் பெயரால் வந்தது. ஆனால் அந்த அடுக்கை ஒருமுறைதான் பயன்படுத்தலாம், தீர்ந்தால் தீர்ந்ததுதான். மறுபடி மறுபடி மின்னேற்றத்தக்க கலத்தை 1859இல் செய்து காட்டியவர் பிரெஞ்சுக்காரரான காஸ்தோன் பிளாந்தே. ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி அவர் செய்த அந்த முறைதான் இன்றும் கார் பேட்டரியில் இருக்கிறது.

அமிலத்தை எதில் ஊற்றி வைப்பது? இரும்புப் பெட்டியை அது அரித்துவிடும். அதற்கு உதவியது ரப்பர். ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால், அது கல்போல் இறுகி எபோனைட் ஆகும். அமிலம் அதை அரிக்காது. மின்சாரமும் அதில் பாயாது. பிளாஸ்டிக் பெட்டிகள் வரும்வரை கார் பேட்டரிகளின் பெட்டி பெரும்பாலும் இந்தக் கடின ரப்பரே. விடியற்காலையில் நம் பாட்டன் பாட்டிமார் சீவி எடுத்த பால், மங்கிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து ஆலைக்கும், அங்கிருந்து கப்பலுக்கும் போய், உலகத்து மோட்டார் வண்டிகளின் பேட்டரிக்குப் பெட்டியாகவும் ஆயிற்று. மின்சாரத்தின் வரலாற்றில் நம் மக்களின் உழைப்புக்கும் பங்கு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஈய அமிலப் பேட்டரியின் குணம் ஒன்று உண்டு. அதைக் காலியாகப் போட்டு வைத்தால் தகடுகளின் மேல் கெட்டியான உப்புப் படிந்து, பின்னர் மின்னேற்ற முடியாமல் போகும். எனவே, "தீரவே விடாதே" என்பது அந்தக் குலத்துக்கு ஏற்ற விதி. ஆனால் அது கனமானது. சாய்த்தால் அமிலம் வழியும். கையில் தூக்கிப் பிடித்து, தலைக்கு மேல் நிமிர்த்தி வேலை செய்யும் கருவிக்கு அது பொருந்தாது.

அதற்குப் பொருந்திய குலம் நிக்கல் காட்மியம். சுவீடன் நாட்டு வால்டமார் யுங்னர் 1899இல் அதை உருவாக்கினார். ஆனால் அது கைக்கருவிக்குள் நுழைய அறுபது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் கருவிகள் வளர்ந்தன. மின்சாரத்தால் துளையிடும் கருவிக்கு 1889இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஆர்னோட் என்பவர் காப்புரிமை பெற்றார். கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விசையும் கொண்ட கருவிக்கு 1917இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் காப்புரிமை பெற்றது. இன்று நாம் பிடிப்பதும் அதே வடிவந்தான். எல்லாம் கம்பி கட்டிய கருவிகள்.

1961இல் அதே நிறுவனம் கம்பியில்லாத் துளைக் கருவியை வெளியிட்டது. அதில் நிக்கல் காட்மியப் பேட்டரி இருந்தது. அளவு 4.8 வோல்ட். ஒரு கலத்துக்கு 1.2 வோல்ட் என்பதால், நான்கு கலங்களைச் சேர்த்துக் கட்டியது. இன்றைய கருவியோடு ஒப்பிட்டால் அதன் பலம் மிகச் சிறியது. ஆயினும் கம்பியை வெட்டிவிட்ட முதல் அடி அது. பத்தாண்டு கழித்து, 1971இல், பேட்டரியால் ஓடும் ஒரு துளைக் கருவி நிலவுக்கே போய்விட்டது. அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் அதைக்கொண்டு நிலவின் மண்ணை ஏறத்தாழ 2.4 மீட்டர் ஆழம்வரை துளைத்து மாதிரி எடுத்தார். நிலவில் கம்பி செருக இடமேது? 1978இல் ஜப்பானின் மாக்கிடா நிறுவனம் 7.2 வோல்ட் நிக்கல் காட்மியத் துளைக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் தச்சரின் பெட்டியிலும் மின்பணியாளரின் பையிலும் கம்பியில்லாக் கருவி சாதாரணமாயிற்று.

நிக்கல் காட்மியம் முரட்டு உழைப்பாளி. அடியும் தாங்கும், அவசரமான மின்னேற்றமும் தாங்கும். ஆனால் அதற்கு ஒரு 'பழக்கதோஷம்' உண்டு. ஒவ்வொரு நாளும் பாதி மட்டும் பயன்படுத்திவிட்டு மின்னேற்றிக்கொண்டே இருந்தால், நாளடைவில் அந்தப் பாதியையே முழு அளவாகக் கருதுவதுபோல் சீக்கிரமே தளர்ந்துவிடும். அதனால்தான், அவ்வப்போது கருவி வேகம் தளரும்வரை பயன்படுத்திய பிறகு மின்னேற்றுங்கள் என்று அன்றைய தொழிலாளர்கள் சொன்னார்கள். "தீர்ந்த பிறகே சார்ஜ்" என்னும் அறிவுரை பிறந்த இடம் இதுதான். அன்றைக்கு அது சரியான அறிவுரை.

காட்மியத்துக்கு வேறொரு பெருங்குறையும் உண்டு. அது நச்சு உலோகம். மண்ணிலும் நீரிலும் கலந்தால் உணவு வழியாக உடம்புக்குள் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் முடிவெடுத்து, 2017 முதல் கம்பியில்லாக் கருவிகளுக்கான நிக்கல் காட்மியப் பேட்டரி சந்தைக்கு வருவதை நிறுத்தியது. இடையில், காட்மியம் இல்லாத நிக்கல் உலோக ஹைட்ரைடு கலங்கள் 1989ஐ ஒட்டி விற்பனைக்கு வந்தன. சில காலம் அவை கருவிகளில் இடம்பெற்றன. அதற்குள் மூன்றாவது குலம் வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டது.

அதுதான் லித்தியம் அயனி. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் அடிப்படை போட்டார். 1980இல் ஜான் குடினஃப் அதற்கு வலுவான மின்முனையைக் கண்டறிந்தார். 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, பாதுகாப்பாகப் பயன்படுத்தத்தக்க வடிவத்தைக் கொடுத்தார். 1991இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005இல் மில்வாக்கி நிறுவனம் 28 வோல்ட் லித்தியம் கருவிகளை வெளியிட்டது. மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. மேலே சொன்ன மூன்று அறிஞர்களுக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

லித்தியத்துக்குப் பழைய பழக்கதோஷம் கிடையாது. பாதியில் மின்னேற்றினாலும் கெடாது. மாறாக, அடிமட்டம்வரை வற்றவிடுவதுதான் அதற்குக் கெடுதல். கருவி பலம் இழப்பதுபோல் தெரிந்தால் விசையை அழுத்திக்கொண்டே இராமல் நிறுத்தி, மின்னேற்றிவிட வேண்டும். நல்ல பேட்டரிகளில், குறித்த அளவுக்குக் கீழே போகாமல் தடுக்கும் மின்னணுச் சுற்று உள்ளேயே உண்டு. அது கருவியை நிறுத்தினால் பழுது என்று எண்ணாதீர்கள். காவல் என்று எண்ணுங்கள். ஆக, நிக்கலுக்கு மருந்தாக இருந்த அறிவுரை லித்தியத்துக்கு நஞ்சு. பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் குலப்பெயரைப் படித்துவிட்டுத்தான் எவர் யோசனையையும் கேட்க வேண்டும்.

இனி, கடைக்குப் போகும்போது எதைப் பார்ப்பது?

முதலாவது வோல்ட். அதைக் குழாயில் வரும் நீரின் அழுத்தத்துக்கு ஒப்பிடலாம். இரண்டாவது ஆம்பியர் மணி. அதைத் தொட்டியில் உள்ள நீரின் அளவுக்கு ஒப்பிடலாம். இரண்டையும் பெருக்கினால் வாட் மணி வரும். மொத்தச் சக்தி அதுதான். 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 36 வாட் மணி. அதே 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி என்றால் 90 வாட் மணி, இரண்டரை மடங்கு. பிள்ளைகளின் பெருக்கல் வாய்ப்பாடு இங்கே காசைக் காப்பாற்றும்.

ஒரு கடையில் 18 என்றும், மற்றொரு கடையில் 20 என்றும் எழுதியிருந்தால், 20தான் பலமானது என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரு லித்தியம் கலத்தின் சராசரி அளவு 3.6 வோல்ட். ஐந்து கலங்கள் சேர்ந்தால் 18. முழுதும் மின்னேற்றிய அந்தக் கணத்தில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டைத் தாண்டியிருக்கும். அந்த உச்சத்தைக் கணக்கிட்டு 20 என்று போடுகிறார்கள். கலங்கள் இரண்டிலும் அதே ஐந்துதான். 12 என்று விற்கும் சிறிய பேட்டரியிலும் பெரும்பாலும் மூன்று கலங்களே, சராசரி 10.8.

மூன்றாவது, செய்யும் வேலை. தலைக்கு மேல் கையைத் தூக்கித் திருகாணி முடுக்குபவருக்குச் சிறிய, எடை குறைந்த பேட்டரி நல்லது. மாலையில் தோள் வலிக்காது. இரும்பு வெட்டும் கிரைண்டரும் மரம் அறுக்கும் ரம்பமும் மின்சாரத்தை மடமடவென்று குடிப்பவை. அவற்றுக்குப் பெரிய பேட்டரி வேண்டும். ஒரே பெரிய பேட்டரியைவிட நடுத்தரமான இரண்டு இருப்பது பல வேலைகளுக்கு வசதி. ஒன்று உழைக்கும்போது மற்றொன்று மின்னேறும்.

நான்காவது, குடும்பப் பொருத்தம். ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொரு நிறுவனத்தின் கருவியில் பொதுவாகப் பொருந்தாது. முதற்கருவி வாங்கும் நாளிலேயே, அடுத்து வாங்கப்போகும் நான்கு கருவிகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரே குலத்தில் நின்றால், பின்னர் பேட்டரி இல்லாமல் கருவியை மட்டும் குறைந்த விலையில் வாங்கலாம். 'பாடி ஒன்லி' என்று கடைக்காரர் சொல்வது அதைத்தான். அந்தச் சொல்லைக் கவனிக்காமல் மலிவு என்று வாங்கி வந்து, வீட்டில் பெட்டியைத் திறந்து பேட்டரியைத் தேடுவோரும் உண்டு.

ஐந்தாவது, போலி. நல்ல பெயரை ஒட்டிக்கொண்டு, எழுதிய அளவில் பாதியும் தராத பேட்டரிகள் உலவுகின்றன. அவற்றில் காவல் சுற்று இல்லாமலும் இருக்கலாம். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாமல் இருப்பதே நல்லது. மின்னேற்றியில் சிரிம் முத்திரையும், நம் நாட்டு மின்னழுத்தமான 230 அல்லது 240 வோல்ட்டுக்கு உரியது என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 110 வோல்ட் நாடுகளுக்கென்று செய்த மின்னேற்றியை இங்கே செருகினால் அது கருகிவிடும்.

வாங்கிய பின் பேணுவது எப்படி? நம் நாட்டில் பேட்டரியின் முதற்பகை வெயில். கதவு மூடிய லாரியிலும் காரிலும் நண்பகலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை உடனே மின்னேற்ற வேண்டாம், நிழலில் ஆறவிடுங்கள். பல நாள் வேலை இல்லையென்றால், ஏறக்குறைய பாதியளவு மின்னேற்றி, கருவியிலிருந்து கழற்றி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பேட்டரியின் முனைகளில் ஆணியோ சாவியோ உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் இணைந்தால் தீப்பொறி பறக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்னேற்றியை மெத்தைமேலோ, துணி மூட்டையருகிலோ, வாசற்கதவை மறித்தோ வைக்க விடாதீர்கள். சிமெண்டுத் தரையில் வைத்து, ஆள் விழித்திருக்கும் நேரத்தில் மின்னேற்றுவது நல்லது. வீங்கிய பேட்டரி, தண்ணீரில் மூழ்கிய பேட்டரி, ஓங்கி விழுந்து வெடிப்பு விட்ட பேட்டரி ஆகிய எதையும் மறுபடி மின்னேற்றக்கூடாது. பிரித்துப் பார்க்கவும் கூடாது. லித்தியம் கலத்தில் பிடிக்கும் தீ, ஒரு கலத்திலிருந்து மறு கலத்துக்குத் தாவும். அணைந்ததுபோல் இருந்து மறுபடி பற்றும். புகை வந்தால் பொருளைப் பார்க்காமல் பிள்ளைகளை வெளியே கொண்டுபோய் 999 எண்ணை அழையுங்கள்.

கடைசியாக, ஓய்ந்த பேட்டரி. அதைக் குப்பைத் தொட்டியில் போடுவதும், லயத்துக்குப் பின்னால் எரிப்பதும், வாய்க்காலில் எறிவதும் ஆகாது. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுக் கழிவு விதிமுறைகள், காட்மியமும் நிக்கலும், பாதரசமும், லித்தியமும் கொண்ட பேட்டரிக் கழிவுகளைத் தனிப்பட்டியலில் வைத்திருக்கின்றன. முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். ஊராட்சி மன்றத்திலோ வாங்கிய கடையிலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

நேயர்களே, ரவாங் சுரங்கத்தில் கம்பி வழியாக வந்த மின்சாரம் முதலாளியின் இயந்திரத்துக்கு வந்தது. இன்று கைப்பிடிக்குள் அடங்கியிருக்கும் மின்சாரம் தொழிலாளியின் சொந்தக் கருவியில் இருக்கிறது. அந்தக் கருவி அவனைக் கூலியாளிலிருந்து தொழில் தெரிந்தவனாக உயர்த்தக்கூடியது. உளியைத் தீட்டத் தெரியாதவன் மரத்தைக் காயப்படுத்துவான் என்பது தோட்டத்து மக்களுக்குத் தெரியாததன்று. உளிக்குத் தீட்டுக்கல் எப்படியோ, இந்தக் கருவிக்குப் பேட்டரியைப் பற்றிய அறிவு அப்படி. வீட்டில் அப்படியொரு கருவி இருந்தால், பிள்ளைகளை அழைத்து அதன் பேட்டரியில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கச் சொல்லுங்கள். பள்ளியில் கற்ற கணக்கு குடும்பத்தின் பிழைப்புக்கு உதவுவதை அவர்கள் கண்ணாரக் காண்பார்கள்.